விண்வெளிச் செலவும் பூமியின் பிரச்சினைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ராக்கெட் ஏவப்படும்போதும் "இந்தப் பணத்தில் எத்தனை பேருக்குச் சோறு போடலாம்?" என்ற கேள்வி எழுகிறது. வரிப்பணம் சம்பந்தப்பட்ட நியாயமான கேள்வி அது. விண்வெளியை நேசிப்பவர்கள் அதைக் கேட்டதும் எரிச்சலடையக் கூடாது. கேட்பவர்களும் பதிலை எண்களோடு எதிர்பார்க்க வேண்டும். அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

அரசுகள் உண்மையில் எவ்வளவு செலவிடுகின்றன?

பலர் நினைப்பதைவிடக் குறைவு. அமெரிக்காவின் நாசாவுக்கு 2024 நிதியாண்டில் கிடைத்தது சுமார் 2,490 கோடி டாலர். அந்நாட்டு மத்திய அரசின் மொத்தச் செலவில் இது 0.4 விழுக்காட்டுக்கும் சற்றுக் கீழே. அப்பல்லோ திட்டம் உச்சத்தில் இருந்த 1966இல் இதே பங்கு சுமார் 4.4 விழுக்காடு. இந்திய விண்வெளித் துறைக்கு 2024-25 பட்ஜெட்டில் ஒதுக்கியது சுமார் 13,043 கோடி ரூபாய்; மொத்த பட்ஜெட் 48.2 லட்சம் கோடி. அதாவது 0.27 விழுக்காடு, தலைக்கு ஆண்டுக்குத் தொண்ணூறு ரூபாய் சொச்சம்.

ஆனால் "கால் விழுக்காடுதானே" என்று கடந்துபோவது நேர்மையான பதில் ஆகாது. அதே பட்ஜெட்டில் உணவு மானியத்துக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 2.05 லட்சம் கோடி ரூபாய், நாளொன்றுக்குச் சுமார் 560 கோடி. சந்திரயான்-3க்கு ஆன 615 கோடி, ஒரு நாள் மானியத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். முழு விண்வெளித் துறையும் 23 நாள் மானியத்துக்குச் சமம். உலகக் கணக்கோ இன்னும் உறுத்துகிறது. 2023இல் எல்லா அரசுகளும் சேர்ந்து விண்வெளிக்குச் செலவிட்டது சுமார் 11,700 கோடி டாலர். அதில் ஏறக்குறைய பாதி ராணுவப் பயன்பாட்டுக்கு. அதே ஆண்டு ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்துக்கு வந்து சேர்ந்தது 830 கோடி டாலர்தான். தேவைப்பட்டதோ 2,200 கோடிக்கு மேல். ஆகவே விண்வெளிப் பணம் பசிக்கு முன்னால் ஒன்றுமே இல்லாத தொகை என்று யாரும் சொல்ல முடியாது. வாதம் வேறு இடத்தில்தான் தீர வேண்டும்.

அந்தப் பணத்தை அப்படியே பசிக்குத் திருப்பிவிட்டால் என்ன?

காகிதத்தில் முடியும். நடைமுறையில் ஏன் அப்படி நடப்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ள அரசு நிதி எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு துறைக்கான ஒதுக்கீட்டைக் குறைத்தால் அந்தத் தொகை பொதுக் கருவூலத்தில் கரைகிறது. "இது சத்துணவுக்கு" என்று அதன்மேல் யாரும் முத்திரை குத்தி வைப்பதில்லை. அது வரிச்சலுகை ஆகலாம், கடன் வட்டிக்குப் போகலாம், ஆயுதம் வாங்கலாம். சத்துணவுக்குப் போக வேண்டுமானால் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ தனியாக வாக்களிக்க வேண்டும். அப்படி வாக்களிக்கும் மனம் இருந்தால் விண்வெளியைத் தொடாமலே அதைச் செய்துவிடலாம். உலக உணவுத் திட்டத்துக்கு 2023இல் விழுந்த துண்டு, அதே ஆண்டின் உலக ராணுவச் செலவான 2.44 லட்சம் கோடி டாலரில் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை.

வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1966க்குப் பிறகு நாசாவின் பங்கு வேகமாகச் சரிந்தது. திட்டமிட்டிருந்த அப்பல்லோ 18, 19, 20 மூன்றும் 1970இல் கைவிடப்பட்டன. 1970களின் நடுவில் நாசாவின் பங்கு சுமார் ஒரு விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. அமெரிக்க அரசின் கணக்குப்படி வறுமை விகிதம் 1969இல் 12.1 விழுக்காடு, 1975இல் 12.3. வறுமைக்கு வேறு பல காரணங்கள் உண்டு. விண்வெளி வெட்டுதான் அதை உயர்த்தியது என்று சொல்ல வரவில்லை. வெட்டினால் தானாகக் குறையும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது என்பதுதான் செய்தி.

அப்படியென்றால் ஏழைகள் சார்பில் இந்தக் கேள்வியைக் கேட்பதே தவறா?

தவறே இல்லை. அப்பல்லோ 11 கிளம்புவதற்கு முந்தைய நாள், 1969 ஜூலை 15 அன்று, மார்ட்டின் லூதர் கிங்கின் நெருங்கிய தோழர் ரால்ஃப் அபர்நதி ஏழைக் குடும்பங்களோடும் கோவேறு கழுதை வண்டியோடும் ஏவுதளத்துக்கு வந்து நின்றார். நாட்டின் முன்னுரிமைகள் கோணலாகிவிட்டன என்பது அவர் குற்றச்சாட்டு. நாசாவின் தலைவர் தாமஸ் பெயின் வெளியே வந்து அவரைச் சந்தித்தார். பொத்தானை அழுத்தாமல் விட்டால் வறுமை தீரும் என்றால் நாங்கள் அழுத்தவே மாட்டோம் என்பது அவர் சொன்னதன் சாரம். வீரர்களுக்காகப் பிரார்த்திக்க அபர்நதியும் இசைந்தார்.

பெயின் சொன்னது உண்மை. அபர்நதி கேட்டதும் இன்றுவரை பதிலில்லாமல் நிற்கிறது. நிலவுக்குப் போக ஒரு நாடு இறுதிக் கெடு வைத்தது, பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பணம் தந்தது, ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாளரை நியமித்தது, தோல்வி வந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அடுத்த அடி வைக்கவில்லை. அதே ஒழுங்கைக் குடிநீர்த் திட்டத்துக்கோ குழந்தைகளின் ஊட்டச்சத்துக்கோ ஏன் தரவில்லை? விண்வெளியை எதிர்ப்பவர்கள் கையில் இருக்கும் மிக வலுவான கேள்வி இதுதான் என்பது எங்கள் எண்ணம். பணத்தொகையைப் பற்றிய கேள்வியைவிட இது ஆழமானது.

செயற்கைக்கோள் உயிரைக் காப்பாற்றுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் உண்டா?

உண்டு. ஆனால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். செயற்கைக்கோளோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மை.

வங்காள விரிகுடாவை எடுத்துக்கொள்வோம். 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசக் கரையைத் தாக்கிய புயல் குறைந்தது 3 லட்சம் பேரைக் கொன்றது. 1991 புயலில் சுமார் 1.4 லட்சம் பேர் இறந்தார்கள். 2007இல் சிதர் புயலில் இறப்பு சுமார் 3,400. புயல்களின் வலிமை ஒன்றுக்கொன்று வேறுபடும். அதையும் மீறிய வீழ்ச்சி இது. ஒடிசாவிலும் இதே பாதைதான்: 1999 சூப்பர் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள், 2013 அக்டோபரில் ஃபைலின் வந்தபோது சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள், இறப்பு ஐம்பதைத் தாண்டவில்லை.

இதில் விண்வெளியின் வேலை என்ன? பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், ஒரே இடத்தில் நிற்பதுபோல் சுற்றும் வானிலைச் செயற்கைக்கோள் அரைமணிக்கு ஒருமுறை, புதியவை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, அகச்சிவப்புப் படம் எடுக்கின்றன. இரவிலும் மேக உச்சியின் வெப்பநிலை தெரியும். மேகச்சுருள் எவ்வளவு சுற்றியிருக்கிறது, கண் உருவாகிவிட்டதா, அதைச் சுற்றிய மேகம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்து, 1970களில் வெர்னன் துவோராக் வகுத்த முறைப்படி வானிலையாளர் புயலுக்கு 1 முதல் 8 வரை ஓர் எண் கொடுக்கிறார். எண் 4 என்றால் காற்று மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். நடுக்கடலில் கப்பலோ மிதவையோ இல்லாத இடத்திலும் புயலின் பலத்தைச் சொல்ல இந்த முறை உதவுகிறது. துருவங்களைக் கடந்து சுற்றும் வேறு செயற்கைக்கோள்கள் நுண்ணலைக் கருவிகளால் மேகத்துக்கு அடியிலுள்ள மழைப்பட்டைகளையும் கடல்மட்டக் காற்றையும் அளக்கின்றன. எல்லாம் சேர்ந்து கணினி மாதிரிக்குள் போகிறது. வெளியே வருவது: எங்கே, எப்போது, எவ்வளவு பலத்தோடு.

இதோடு விண்வெளியின் வேலை முடிந்தது. மிச்சம் எல்லாம் தரையில். வங்கதேசம் 1972இல் புயல் ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கி, ஒலிபெருக்கியும் கொடியும் கையுமாக வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களைக் கிராமம்தோறும் பழக்கியது. தூண்கள்மேல் நிற்கும் கான்கிரீட் புகலிடங்கள் கட்டப்பட்டன. கால்நடையை விட்டுவிட்டு வர மக்கள் மறுத்ததால், பல புகலிடங்களில் கால்நடைக்கும் இடம் ஒதுக்கினார்கள்.

தரைப்பகுதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2008 மே மாதம் மியான்மரைத் தாக்கிய நர்கீஸ் சாட்சி. செயற்கைக்கோள் படங்களில் புயல் தெளிவாகத் தெரிந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை முன்கூட்டியே அந்நாட்டை எச்சரித்தது. ஐராவதி டெல்டாவின் கிராமங்களுக்கு அந்த எச்சரிக்கை உரிய வகையில் போய்ச் சேரவில்லை. ஓடி ஒதுங்கப் புகலிடமும் இல்லை. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாகச் சுமார் 1.38 லட்சம் பேர்.

செயற்கைக்கோளுக்கு ஒதுக்கும்போதே ஒலிபெருக்கிக்கும் புகலிடத்துக்கும் ஒதுக்காத அரசு, தான் செலவிட்ட பணத்தின் பலனைத் தானே கரைத்துக்கொள்கிறது.

வறட்சி, நிலத்தடி நீர், ஓசோன் போன்றவற்றில்?

அதே பாடம்தான் திரும்ப வருகிறது. 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் சுற்றின. கீழே நிறை கூடிய இடத்தைக் கடக்கும்போது முன்னால் போவது முதலில் இழுக்கப்படும், இடைவெளி சற்று மாறும்; அந்த மாற்றத்தை ஒரு தலைமுடியின் தடிமனைவிட நுட்பமாக அளந்தார்கள். அதிலிருந்து, 2002 முதல் 2008 வரை வடமேற்கு இந்தியாவின் நிலத்தடியிலிருந்து சுமார் 109 கன கிலோமீட்டர் நீர் குறைந்திருப்பது 2009இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. கிணறு கிணறாக அளந்து இப்படி ஒரு மொத்தக் கணக்கு எடுப்பது மிகக் கடினம். கணக்குக் கிடைத்தது, ஆனால் பம்ப்செட் நிற்கவில்லை. மின்கட்டணம், பயிர்க் கொள்முதல், பாசன முறை ஆகியவற்றை மாற்றுவது அரசியல் வேலை.

ஓசோன் விஷயத்தில் தலைகீழ். அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் அரிதாவதை 1985இல் முதலில் அறிவித்தவர்கள் தரையிலிருந்து அளந்த பிரிட்டிஷ் குழுவினர். நிம்பஸ்-7 செயற்கைக்கோளும் அதே தாழ்ந்த அளவுகளைப் பதிவு செய்திருந்தது. நம்ப முடியாத அளவுக்குக் குறைவான எண்களைச் சந்தேகத்துக்குரியவை என்று மென்பொருள் ஒதுக்கி அடையாளமிட்டதால் அவை உடனே கவனம் பெறவில்லை. பிறகு செயற்கைக்கோள் தரவை மறுபடி பார்த்தபோதுதான் ஓட்டை ஒரு கண்டம் அளவுக்கு விரிந்திருப்பது தெரிந்தது. ஓசோனை அழிக்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் 1987இல் கையெழுத்தானது. விண்கருவி இருந்தால் தரைக்கருவி வேண்டாம் என்று வானிலை நிலையங்களை மூடும் அரசுகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

புயல் பார்க்கும் செயற்கைக்கோள் சரி. நிலவும் செவ்வாயும் எதற்கு?

அறிவுக்காக. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்வதே நல்லது. செவ்வாய்க்குக் கலம் அனுப்பினால் விவசாயிக்கு நேரடிப் பயன் என்று சொல்வது மிகைப்படுத்தல். சூரியக் குடும்பம் எப்படி உருவானது, வேறெங்காவது உயிர் இருந்ததா என்பதை அறிய மனித குலம் தன் வருமானத்தில் ஒரு சிறு பகுதியைச் செலவிடலாமா என்பதுதான் கேள்வி. செலவிடலாம் என்பது எங்கள் நிலைப்பாடு. நூலகத்துக்கும் அடிப்படைக் கணிதத்துக்கும் தொல்லியலுக்கும் செலவிடுவதை நியாயப்படுத்தும் அதே காரணம்தான் இதற்கும்.

பக்கவிளைவாகப் பயன் வருவது உண்டு. வெள்ளிக் கோளின் காற்று மண்டலத்தில் 96 விழுக்காடு கரியமில வாயு. தரையில் வெப்பம் சுமார் 465 டிகிரி செல்சியஸ். அந்த மண்டலத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹான்சன் பின்னர் பூமியின் வெப்பமாதலை ஆராய்ந்து, 1988இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் சாட்சியம் அளித்தார். ஆனால் இப்படி வரும் என்று முன்கூட்டியே வாக்குறுதி தர எவராலும் முடியாது.

டெஃப்லான், வெல்க்ரோ எல்லாம் விண்வெளி ஆய்வின் கொடைதானே?

இல்லை. டெஃப்லான் 1938இல் டூபான்ட் நிறுவனத்தில் கண்டறியப்பட்டது. வெல்க்ரோ சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஒருவருடையது. இரண்டும் நாசா பிறப்பதற்கு முந்தியவை. ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் திட்டம். கைபேசிக் கேமராவிலுள்ள சீமாஸ் உணரிக்கு அடித்தளமிட்டது மட்டும் 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் நடந்த வேலை. இப்படி உண்மையானவை பல உண்டு. இருந்தும் இது பலவீனமான வாதம்: நல்ல கேமரா வேண்டுமென்றால் கேமரா ஆராய்ச்சிக்கு நேராகவே பணம் தரலாமே.

ஒரு டாலர் போட்டால் ஏழு டாலர் திரும்பும் என்கிறார்களே?

அந்த விகிதத்தை எந்த முறையில் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். சம்பளம் கைமாறிப் புழங்குவதைக் கூட்டினால் பாலம் கட்டினாலும் பள்ளி கட்டினாலும் பெருக்கம் வரும். வேறெதில் போட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்ற ஒப்பீடு இல்லாத எண்ணை நம்ப வேண்டாம்.

திட்டச் செலவு ஏன் இப்படி எகிறுகிறது?

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்டபோது அதன் செலவு சுமார் 1,000 கோடி டாலர். தொடக்கக்காலப் பேச்சில் இருந்த தொகை 100 கோடியைச் சுற்றி. அறிவியல் பலன் அபாரமானது. நிர்வாகம் பாடமாக வைக்க வேண்டியது.

முதல் காரணம், ஒப்புதல் பெறுவதற்காகக் குறைவாகச் சொல்லும் மதிப்பீடு. இரண்டாவது, இன்னும் முதிராத தொழில்நுட்பத்தை நம்பி வடிவமைப்பை முடிவு செய்வது. வெப்பின் டென்னிஸ் மைதான அளவுள்ள ஐந்தடுக்கு வெயில்மறைப்புக்கு முன்னோடியே இல்லை. மூன்றாவது வெளியே தெரியாதது: ஆண்டு ஒதுக்கீட்டைக் கொஞ்சம் வெட்டினால் அந்த ஆண்டுக்கு மிச்சம்போல் தோன்றும், ஆனால் வேலை தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் அதே பொறியாளர் படைக்குச் சம்பளம் தந்தாக வேண்டும், தூய்மையறையை இயக்கியாக வேண்டும். மொத்தம் கூடுகிறது.

நான்காவது மனிதத் தவறு. 2018இல் சுயேச்சையான ஆய்வுக்குழு ஒன்று வெப் திட்டத்தைப் பரிசோதித்தது. உந்துவிசை வால்வுகளைக் கழுவப் பொருந்தாத கரைப்பான் பயன்படுத்தப்பட்டிருந்தது. ஒரு சோதனையில் தவறான வயரிங்கால் உணரிகளுக்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தம் போனது. ஒலி அதிர்வுச் சோதனையில் வெயில்மறைப்பு உறையின் திருகாணிகள் சரியாக முறுக்கப்படாததால் கழன்று விழுந்தன. இத்தகைய தவறுகளின் விலை சுமார் 60 கோடி டாலர், ஒன்றரை ஆண்டுத் தாமதம்.

இதற்கு வேலி உண்டு. அமெரிக்கச் சட்டப்படி நாசாவின் பெருந்திட்டம் ஒன்றின் உருவாக்கச் செலவு 15 விழுக்காடு தாண்டினால் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 30 விழுக்காடு தாண்டினால் மறுபடி அனுமதி வாங்காமல் தொடர முடியாது. மறு எல்லையிலும் விரயம் நடக்கும். நிலவின் தென்துருவத்தில் பனியைத் தேட உருவான வைப்பர் ஊர்தியை, ஏறக்குறைய 45 கோடி டாலர் செலவாகி வண்டி முழுதாகப் பூட்டப்பட்ட பிறகு, 2024 ஜூலையில் நாசா நிறுத்துவதாக அறிவித்தது. அதனால் மிச்சமாகும் என்று சொன்னது குறைந்தது 8.4 கோடி. பின்னர் வேறொரு தரையிறங்கு கலத்தில் அனுப்ப முடிவானது. கைவிடுவதென்றால் வடிவமைப்புக் கட்டத்திலேயே கைவிட வேண்டும்.

மனிதரை அனுப்புவது அவசியமா? இயந்திரம் போதாதா?

அறிவியலுக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் இயந்திரம் போதும். மனிதர் போனால் காற்று, நீர், உணவு, கதிர்வீச்சுக் கவசம், உயிரோடு திரும்பும் வழி எல்லாம் கூடப் போக வேண்டும். நாசாவின் 2024 ஒதுக்கீட்டில் நிலவுப் பயணத்துக்கான ஆய்வுப் பிரிவுக்கு ஏறத்தாழ 766 கோடி டாலர். பூமி அறிவியலுக்கு சுமார் 220 கோடி. புதிய எஸ்எல்எஸ் ராக்கெட், ஓரியன் கலம், தரைக்கட்டமைப்பு சேர்ந்த ஓர் ஏவுதலுக்கு 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தலைமைத் தணிக்கையாளரே 2022இல் சொன்னார். ஓர் ஏவுதல், ஏறக்குறைய இரண்டு ஆண்டுப் பூமி அறிவியல். எங்கள் கருத்தில் விவாதம் இங்கேதான் நடக்க வேண்டும்: விண்வெளிக்குள் எதற்கு எவ்வளவு?

தனியாரிடம் விட்டுவிட்டால் அரசுக்குச் செலவு மிச்சமாகாதா?

ஒப்பந்த வகையைப் பொறுத்தது. ஆன செலவோடு லாபமும் சேர்த்துத் தரும் ஒப்பந்தத்தில் தாமதம் நிறுவனத்துக்கு வலிக்காது. நிலையான விலை ஒப்பந்தத்தில் நஷ்டம் நிறுவனத்தின் தலையில். ஃபால்கன் 9 ராக்கெட்டின் உருவாக்கச் செலவு சுமார் 30 கோடி டாலர் என்று நாசாவே சரிபார்த்தது. தன் வழக்கமான முறையில் செய்திருந்தால் 400 கோடி வரை ஆகியிருக்கும் என்பது அதன் மதிப்பீடு. ஏவுதலுக்கும் சரக்குப் போக்குவரத்துக்கும் இது பொருந்தும். வியாழனின் நிலவுக்குப் போகும் ஆய்வுக்கலத்தை வாங்க அரசைத் தவிர வேறு வாடிக்கையாளர் இல்லை.

தரவை விற்பதிலும் எச்சரிக்கை தேவை. பூமியைப் படமெடுக்கும் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை 1980களில் தனியாரிடம் ஒப்படைத்தபோது ஒரு படத்தின் விலை 4,000 டாலரைத் தாண்டியது. பல்கலைக்கழகங்கள் வாங்குவதைக் குறைத்தன. 2008இல் இலவசமாக்கினார்கள். அதற்குமுன் மிக நன்றாக விற்ற ஆண்டில்கூட 25,000 படங்கள்தான் போயிருந்தன. இலவசமான பின் ஓராண்டுக்குள் பத்து லட்சம் தரவிறக்கம் ஆனது. செயற்கைக்கோள் அதே செயற்கைக்கோள்தான்.

ராக்கெட் இல்லாத ஏழை நாடு என்ன செய்யலாம்?

சொந்தச் செயற்கைக்கோள் வாங்க முதலில் ஓட வேண்டாம். லேண்ட்சாட், ஐரோப்பாவின் சென்டினல் தரவுகள் இலவசம். வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால், விண்வெளி மற்றும் பெரும் பேரிடர்களுக்கான சர்வதேசச் சாசனம் என்ற ஏற்பாட்டின்கீழ் பல நாட்டு விண்வெளி முகமைகள் பாதிப்புப் பகுதியைப் படமெடுத்து இலவசமாகத் தருகின்றன. 2000 முதல் இயங்குகிறது. ஆனால் அழைக்கும் உரிமை பதிவு பெற்ற அமைப்புக்கே உண்டு. பேரிடர் மேலாண்மை அமைப்பு அமைதியான நாளிலேயே பதிவு செய்து, இரவுபகலாகத் தொடர்புகொள்ளக்கூடிய ஓர் அதிகாரியை நியமித்து, படத்தைப் படித்து வரைபடமாக்கத் தெரிந்த சிலரைப் பயிற்றுவித்து வைக்க வேண்டும். வெள்ளத்துக்கு மேகத்தை ஊடுருவும் ரேடார் படம் கேட்க வேண்டும். சாதாரணப் படத்தில் மேகம்தான் தெரியும். வெள்ளத்துக்கு முந்தைய படம் கையில் இருந்தால்தான் எது ஏரி, எது வெள்ளம் என்று பிரிக்க முடியும். இந்த இடத்தில்தான் பல நாடுகள் தடுமாறுகின்றன.

ஒரு திட்டத்தின் செலவை நானே சரிபார்ப்பது எப்படி?

அரசின் பட்ஜெட் ஆவணத்தில் விண்வெளித் துறைப் பக்கத்தை எடுங்கள். மூன்று எண்கள் இருக்கும்: பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு. செய்தித்தாள் சொல்வது பெரும்பாலும் முதல் எண். நம்ப வேண்டியது கடைசி எண். அடுத்து, சொல்லப்படும் தொகை ஓர் ஆண்டுக்கா, திட்டத்தின் முழு ஆயுளுக்கா என்று பாருங்கள். ஏவு ராக்கெட்டின் விலை சேர்ந்திருக்கிறதா என்பது அதைவிட முக்கியம்: சந்திரயான்-2க்கு 603 கோடி என்றும் 978 கோடி என்றும் இரண்டு எண்கள் உலவின, வித்தியாசமான 375 கோடி ஏவுதலுக்கானது. பழைய தொகையை இன்றைய தொகையோடு ஒப்பிடும்போது பணவீக்கத்தைச் சேர்க்காவிட்டால் அப்பல்லோகூட மலிவாகத் தெரியும். கடைசியாக, நிலையான ஊழியர் சம்பளமும் தரைநிலையச் செலவும் திட்டக்கணக்கில் ஏறியிருக்கிறதா, துறைக்கணக்கிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். நாட்டுக்கு நாடு இது மாறுவதால் "அவர்களைவிடப் பத்து மடங்கு மலிவு" என்ற ஒப்பீடுகள் பெரும்பாலும் அரைகுறை.

விண்கல் மோதுவதைத் தடுப்பது வீண் செலவா?

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே சுமார் 20 மீட்டர் அகலமுள்ள கல் வெடித்தது. யாரும் அதை முன்கூட்டிப் பார்க்கவில்லை. உடைந்த கண்ணாடி குத்தியவர்களே பெரும்பாலோராக, ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தார்கள். 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் கலம், இன்னொரு பெரிய சிறுகோளைச் சுற்றிவரும் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் மோதி அதன் சுற்றுக்காலத்தைச் சுமார் 33 நிமிடம் குறைத்தது. செலவு சுமார் 32 கோடி டாலர். திசைதிருப்ப முடியும் என்று தெரிந்துவிட்டது. தேடிக் கண்டுபிடிக்கும் வேலைதான் பாக்கி.

செயற்கைக்கோள் நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லுமா?

சொல்லாது. நடந்த பிறகு நிலம் எத்தனை சென்டிமீட்டர் நகர்ந்தது என்பதை ரேடார் படங்களால் அளக்க முடியும். எந்தப் பிளவில் அழுத்தம் சேர்கிறது என்பதை ஆண்டுக்கணக்கில் கவனிக்க முடியும். உயிரைக் காப்பது நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடம். அதற்கான பணத்தைக் கட்டட விதிகளை அமல்படுத்துவதில்தான் போட வேண்டும்.